பின்பக்கச் சுவரும் எலுமிச்சை அழகியும்

"எஸ் மேடம், ப்ளென்டி," என்று சொல்லி முடித்த பிறகுதான், கேட்ட கேள்வி என்ன என்று சித்ராதேவி யோசித்துப் பார்த்தாள்.

கம்ப்யூட்டர் திரையில் டென்மார்க்கிலிருந்து ஹில்டா அம்மையார் கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிக்கொண்டு, "அப்படியா? நிஜமாகவா?" என்றார். நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் இருக்கிற ஆத்தப்பனின் பனியன் கம்பெனியிடம் குழந்தை பனியன் வாங்குகிற ஒரே பெரிய பையர் அவர்தான். அவர் கேட்டது இவ்வளவுதான். உங்கள் தொழிற்சாலைப் பக்கம் பட்டாம்பூச்சிகள் உண்டா?

"அப்படியென்றால் நானே வந்து பார்க்கிறேன்," என்று சொல்லிவிட்டு ஹில்டா திரையிலிருந்து மறைந்தார்.

சித்ராதேவியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பையரிடம் 'இல்லை' என்று சொல்லக் கூடாது என்பது அந்தக் கம்பெனியில் எழுதப்படாத சட்டம். மூங்கில் நூலில் பனியன் உண்டா? உண்டு. வாழைநாரில்? அதுவும் உண்டு. ஒருமுறை ஒரு பையர் பேச்சுவாக்கில், உங்கள் ஊருக்குக் கடல் பக்கமா என்று கேட்டுவைத்தார். பக்கம்தான் என்று சொல்லிவிட்ட பாவத்துக்கு, முதலாளி ஆத்தப்பன் அவரைக் காரில் ஏற்றி ராமேஸ்வரம் வரை கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வந்தார். அந்த ஆர்டர் கிடைத்தது.

இப்போதும் ஆத்தப்பன் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். அவருக்கு ஆங்கிலம் வராது. ஹில்டா பேசிய நேரமெல்லாம் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தம்மா கடைசியா என்ன கண்ணு கேட்டாங்க?"

"நம்ம கம்பெனியில பட்டாம்பூச்சி இருக்குதான்னு கேட்டாங்க சார்."

"இருக்குதா?"

"இல்லீங்க சார்."

"நீ என்ன சொன்ன?"

"நெறைய இருக்குதுன்னு சொல்லிட்டேனுங்க."

"நல்லது. அப்ப வர வெச்சுரு."

அவருக்குக் கோபமே இல்லை. இல்லாத துணிக்கு முதலில் ஆர்டர் வாங்கிவிட்டு, அப்புறம் நூலுக்கு அலைவதுதான் அவர் காலமெல்லாம் செய்துவருகிற தொழில். பட்டாம்பூச்சியையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டார். கதவு வரை போனவர் மட்டும் நின்று திரும்பினார்.

"ஒண்ணு சொல்றேன் கண்ணு. இந்தம்மா ஆர்டர் போச்சுன்னா உன்ற சீட்டுக்கு இங்க வேலையே இல்ல. அப்புறம் நான் சங்கடப்பட்டுட்டு உன்னைய ஊட்டுக்கு அனுப்போணும். என்னைய அப்படிச் சங்கடப்பட வெச்சராத."

இதே கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்று பிசிறு வெட்டிக்கொண்டிருந்தவள் சித்ராதேவி. அங்கிருந்து, பையர்களிடம் பேசி ஆர்டர் பிடிக்கிற மெர்ச்சன்டைசிங் மேனேஜர் வரை வந்திருக்கிறாள். ஏசி அறையும் சுழலும் நாற்காலியும் அவளுக்குச் சும்மா வந்துவிடவில்லை. அந்த நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்து சுழல்வதை நினைத்ததும் நர்சரிக்குப் போன் போட்டாள்.

மறுநாளே நர்சரியிலிருந்து ஒரு டெம்போ நிறைய பூந்தொட்டிகள் வந்து இறங்கின. இட்லிப்பூ, செம்பருத்தி, செண்டுமல்லி. கம்பெனி வாசல் கல்யாண மண்டபம் போல ஆகிவிட்டது. சித்ராதேவி ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பட்டாம்பூச்சி வரவில்லை. எங்கிருந்தோ வந்த ஒரு தேனீ செம்பருத்தியில் உட்கார்ந்தது, தள்ளாடியது, தொட்டியிலேயே விழுந்து செத்துப்போனது.

வேறு வழியில்லாமல் அனுசுயாவுக்குப் போன் போட்டாள். அவிநாசிப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவள். சித்ராதேவியின் பள்ளிக்கூடத் தோழி. விருதுநகரிலிருந்து பிழைக்க வந்த குடும்பம் என்பதால் இத்தனை வருடம் கழித்தும் பேச்சில் ஊர் மாறவில்லை. வந்தவள் ஒரு இலையைக் கிள்ளி மோந்து பார்த்தாள்.

"இது பூவாடி, விசமாடி? நர்சரிக்காரன் மருந்தைக் குளிப்பாட்டி அனுப்பிருக்கான். இதுல பட்டாம்பூச்சி எப்படி உக்காரும்?"

"வேற என்னடி பண்ணட்டும்?"

"பூ வச்சா விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போயிரும். புள்ளகுட்டியோட இங்கயே தங்கணும்னா, புழு திங்கிற செடி வேணும். எலுமிச்சை, கறிவேப்பிலை, எருக்கு. அந்தந்தச் செடிக்கு அந்தந்தப் பூச்சி. எலுமிச்சையில எலுமிச்சை அழகி, எருக்குல வெந்தய வரியன்."

பெயர்கள் சித்ராதேவிக்குப் பிடித்துப்போயின. பனியன்களின் ஸ்டைல் நம்பர்களை மனப்பாடம் செய்கிற மாதிரி இரண்டையும் அங்கேயே மனப்பாடம் செய்துகொண்டாள்.

அனுசுயா தன் கல்லூரித் தோட்டத்திலிருந்து செடிகளைப் புழுக்களோடு தொட்டி தொட்டியாகக் கொடுத்தனுப்பினாள். எருக்கஞ்செடியைப் பார்த்ததும் ஆத்தப்பன் முகம் சுருங்கியது. "தொழில் பண்ற எடத்துல எருக்கு மொளைக்கலாமா சாமி? பூட்டிட்டுப் போறதுக்கா?" என்று சொல்லி, அவரே அதைப் பிடுங்கி ரோட்டுக்கு அந்தப் பக்கம் வீசினார். வெந்தய வரியனின் கதை அத்தோடு முடிந்தது.

கறிவேப்பிலையைக் கேன்டீன் சமையல்காரர் பார்த்தார். வாசலிலேயே வந்து நிற்கிறதே என்று மொட்டையடித்து, அன்றைக்கு ரசம் வைத்தார். ரசம் நன்றாக இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள்.

மிச்சம் எலுமிச்சை. அதன் இலைகளில் எலுமிச்சை அழகியின் குட்டிப் புழுக்கள் அசையாமல் ஒட்டியிருந்தன. சின்ன வயதில் அவை பார்ப்பதற்குப் பறவை எச்சம் போலவே இருக்கும், எதிரியை ஏமாற்ற அதுதான் தந்திரம் என்று அனுசுயா சொல்லியிருந்தாள். சித்ராதேவி காலையில் ஆசையோடு போய்ப் பார்த்தபோது இலைகள் எல்லாம் எண்ணெய் தடவியது போலப் பளபளத்தன. ஒரு புழுவையும் காணோம். துப்புரவுப் பணி செய்கிற பாண்டியம்மாள் ஈரத்துணியோடு நின்றிருந்தாள்.

"இலையெல்லாம் ஒரே காக்கா எச்சம் மேடம். எங்கயும் அழுக்கு இருக்கப்படாதுன்னு நீங்கதான சொல்லிருக்கீக. ஒண்ணு விடாம தொடச்சிட்டேன்."

அவளைத் திட்ட முடியவில்லை. பையர்கள் அனுப்பும் ஆட்கள் சுத்தம் பார்க்க வரும் ஆடிட்டுக்கு ஆடிட்டு அவளை நிற்கவைத்து, மூலைமுடுக்கெல்லாம் துடைக்கச் சொல்லிப் பாடம் நடத்தியதே சித்ராதேவிதான்.

அன்றைக்குப் பார்த்து ஹில்டாவிடமிருந்து மெயில் வந்தது. நீங்கள் சொன்ன பட்டாம்பூச்சியின் புகைப்படம் ஒன்று அனுப்ப முடியுமா?

முடியாது என்று சொல்ல அந்தக் கம்பெனியில் யாருக்கும் தெரியாது. அனுசுயாவின் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் பாடம் செய்து வைத்திருந்த ஒரு எலுமிச்சை அழகியைச் சித்ராதேவி இரவலாக வாங்கி வந்தாள். கறுப்பில் மஞ்சள் திட்டுத்திட்டாக, செத்து எத்தனை வருடமோ, இன்னும் உயிரோடிருப்பதுபோல் இருந்தது. பேக்கிங் டேபிளில் ஒரு வெள்ளைக் குழந்தை பனியனை விரித்து, அதன் நெஞ்சில் பட்டாம்பூச்சியை உட்காரவைத்து, குண்டூசி தெரியாமல் படம் எடுத்து அனுப்பினாள். பார்க்கக் கவிதை மாதிரி இருந்தது.

பதில் உடனே வந்தது. "இது உங்கள் பேக்கிங் ஹாலில் எடுத்ததா?"

"ஆமாம் மேடம். அவை எப்போதும் அங்கேதான் இருக்கும்," என்று சித்ராதேவி அடித்து அனுப்பினாள்.

"என் பயணத்தை முன்தேதிக்கு மாற்றிவிட்டேன். அடுத்த வாரம் வருகிறேன்."

"படத்துக்கே இப்படி ஓடி வாராங்கன்னா, நேர்ல பாத்தா எத்தன ஆர்டர் குடுப்பாங்க," என்று ஆத்தப்பன் பூரித்துப்போனார். சித்ராதேவிக்கு அன்று மதியம் சோறு இறங்கவில்லை. டிபன் பாக்ஸை மூடிவைத்துவிட்டு, யாருமில்லாத சாம்பிள் ரூமில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள்.

அனுசுயா வந்து தேற்றினாள். "ஏ, இந்தக் கம்பெனியில எப்பவாச்சும் ஒரு பட்டாம்பூச்சியாவது வந்துருக்காடி? யோசிச்சுப் பாரு."

"நான் எங்கடி பாத்தேன்? எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ஆடிட்டு மட்டுந்தான்."

சொல்லிக்கொண்டே போனில் பழைய ஆடிட் படங்களைத் தள்ளினாள். ஒவ்வொரு குறையையும் சரி செய்வதற்கு முன்பு ஒரு படம், பின்பு ஒரு படம் எடுத்துவைப்பது அவள் வழக்கம். அனுசுயா திடீரென்று அவள் கையைப் பிடித்தாள்.

"நில்லு. இது எந்த இடம்?"

அது பின்பக்கச் சுவர். நூல் ஏற்றிவரும் லாரி டிரைவர்கள் இறங்கியதும் நேராகப் போய் நிற்கிற இடம். எவ்வளவு எழுதிப்போட்டும் கேட்காததால், போன வருடம் சித்ராதேவி அந்தச் சுவர் நெடுக முருகன் டைல்ஸ், மாதா டைல்ஸ், பள்ளிவாசல் டைல்ஸ் என்று வரிசையாக ஒட்டிவிட்டாள். பக்கத்திலேயே டிரைவர்களுக்குப் புதுக் கழிவறையும் கட்டவைத்தாள். அதோடு சுவர் காய்ந்தது. ஆடிட்டில் அவளுக்குப் பாராட்டுக்கூடக் கிடைத்தது.

அனுசுயா பார்த்தது டைல்ஸ் ஒட்டுவதற்கு முந்தைய படம். விரலால் விரித்துப் பெரிதாக்கினாள். ஈர மண்ணில் மஞ்சளும் கறுப்புமாகப் பொட்டுப்பொட்டாக ஏதோ தெரிந்தது.

"குப்பைடி அது," என்றாள் சித்ராதேவி.

"குப்பையா? இந்தா, இது எலுமிச்சை அழகி. இந்த வெளுத்த மஞ்சள் பூராவும் கொன்னை வெள்ளையன். கூட்டமா உக்காந்து உப்பு உறிஞ்சுதுக. பூவுல தேன் கெடைக்கும், உப்பு கெடைக்காதுல்ல. அதுக்கு இந்த மாதிரி எடந்தான் தேடி வரும்."

"எந்த மாதிரி?"

அனுசுயா படத்தில் சுவரின் ஈரத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். சித்ராதேவிக்கு விஷயம் மெல்ல விளங்கியது. முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள்.

டைல்ஸை எடுக்க வேண்டும் என்றதும் ஆத்தப்பன் எழுந்து நின்றுவிட்டார்.

"முருகனை எடுத்துப்போட்டுட்டு அந்த எடத்துல... என்ன பேச்சு கண்ணு இது?"

"எடுத்துப்போட வேண்டாமுங்க சார். முன்வாசலுக்கு மரியாதையாக் கூட்டிட்டு வந்துரலாமுங்க."

அவர் யோசித்தார். முன்வாசல் என்பது நல்ல யோசனைதான். நாள் பார்த்து, தேங்காய் உடைத்து, பொங்கல் வைத்து, மூன்று சாமிகளையும் மேளத்தோடு முன்வாசலுக்கு மாற்றினார்கள். சாமிகளை வைக்கத் திருமுருகன்பூண்டிச் சிற்பிகளிடம் ஒரு கல் மாடத்துக்கும் சொல்லியாகிவிட்டது. பின்பக்கச் சுவர் வெறுமையாக நின்றது.

இனி டிரைவர்கள் பாடு என்று நினைத்தால், ஒருத்தர்கூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. பழக்கம் வந்துவிட்டது, ஒழுங்காகக் கழிவறைக்குப் போனார்கள். சித்ராதேவி ஒரு மூத்த டிரைவரைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணா, ஒரு ஒத்தாசைங்க."

"சொல்லுங்க மேடம்."

"நீங்க இனிமே டாய்லெட்டுக்குப் போகோணும்னு இல்லீங்க. பழையபடி... அங்கயே போனாப் பரவால்லீங்க."

டிரைவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "போன வருசம் அங்க நின்னதுக்கு என்ற வண்டிச் சாவியப் புடுங்கி வெச்சுக்கிட்டது நீங்கதானுங்களே?"

"அது அப்பங்க."

"நேத்து வரைக்கும் முருகன் நின்ன எடமுங்க அது. என்னைய வெட்டிப் போட்டாலும் ஆகாதுங்க."

எல்லோரும் இதையே சொன்னார்கள். கடைசியில் வாட்ச்மேன் ராக்கையாதான் வழி சொன்னார். இராமநாதபுரத்துக்காரர், அதிகம் பேசமாட்டார்.

"டாய்லெட்டப் பூட்டிப்புடுவோம் மேடம். ரிப்பேருன்னு போர்டு வப்போம். டீயை அந்தச் சுவத்துப் பக்கம் வச்சு ஊத்துவோம். மத்தது அது பாட்டுக்கு நடக்கும்."

கம்பெனியில் கழிவறை வசதிக்காகப் பாராட்டு வாங்கிய சித்ராதேவி, தன் கையாலேயே அதற்குப் பூட்டுப் போட்டாள். முதலில் டிரைவர்கள் வீம்பாக வண்டியை எடுத்துக்கொண்டு ரோட்டு மேலிருக்கிற பெட்ரோல் பங்க் வரை போய்வந்தார்கள். இரண்டாவது டீயில் வீம்பு தளர்ந்தது. அங்கே யார் நின்றாலும் விசில் ஊதி விரட்டுவதற்கென்றே அமர்த்தப்பட்ட ராக்கையா, விசிலைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

வந்தன. முதலில் ஒன்றிரண்டு கொன்னை வெள்ளையன். அப்புறம் எலுமிச்சை அழகிகள் ஜோடி ஜோடியாக வந்து, இறக்கையை விசிறிக்கொண்டே ஈர மண்ணில் உட்கார்ந்தன. ஹில்டா வருகிற நாளுக்குள் அந்தச் சுவரோரம் மண்ணே தெரியாத அளவுக்குக் கூட்டம். சித்ராதேவி துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் நிற்கப் பார்த்தாள். வாழ்க்கையில் முதன்முறையாகப் பட்டாம்பூச்சி எவ்வளவு அழகு என்று அவளுக்குப் பட்டது.

ஃபினாயில் ஊற்றினால் எல்லாம் பறந்துவிடும் என்று அனுசுயா எச்சரித்திருந்ததால், சுவரின் இரண்டு பக்கமும் கட்டுக்கட்டாக ஊதுபத்தி ஏற்றிவைத்தார்கள்.

ஹில்டா வாடகைக் காரில் வந்து இறங்கினார். ஓட்டிவந்தவர் மருதாசலம், வெளிநாட்டுப் பையர்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி கம்பெனியாகப் போய்வருவதே அவர் வேலை. ஆத்தப்பன் மாலை போட்டார். ஹில்டா இளநீரைக்கூடத் தொடவில்லை.

"பட்டாம்பூச்சிகள் எங்கே?" என்றார்.

சித்ராதேவி அவரைப் பின்பக்கம் கூட்டிப்போனாள். ஹில்டா சுவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். பிறகு பையிலிருந்து ஒரு லென்ஸை எடுத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கையிலிருந்த போனில் ஏதோ படத்தையும் எதிரே இருந்த பூச்சியையும் மாறி மாறிப் பார்த்தார். மூக்கை மட்டும் ஒருமுறை சுருக்கினார்.

"இங்கே என்ன வாசனை?"

"புனிதமான இடம் மேடம்," என்றாள் சித்ராதேவி. போன வாரம் வரை அது உண்மைதான்.

"இந்தக் கறுப்பு மஞ்சள் வகைக்கு என்ன பெயர்?"

"எலுமிச்சை அழகி மேடம். இங்கே அதுதான் மிகவும் அதிகம்."

"இதேதான்," என்று ஹில்டா தனக்குள் முணுமுணுத்தார். தேடிவந்தது கிடைத்துவிட்ட நிறைவு அவர் முகத்தில் தெரிந்தது. "இவை எத்தனை காலமாக இங்கே இருக்கின்றன?"

"கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து மேடம்."

"கட்டிடத்துக்குள்ளும் வருமா?"

"தாராளமாக வரும்."

"குழந்தை பனியன் மடிக்கிற இடத்துக்கு?"

"அங்கேதான் மேடம் ரொம்ப ஆசையாக வரும். வெள்ளைத் துணியைப் பூ என்று நினைத்துக்கொள்கின்றன, பாவம். நாங்கள் விரட்டவே மாட்டோம்."

பக்கத்தில் ஆத்தப்பன் ஒவ்வொரு பதிலுக்கும், "எஸ், எஸ்," என்று தலையை ஆட்டினார்.

ஹில்டா எழுந்து, முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, சித்ராதேவியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "இவ்வளவு வெளிப்படையாகப் பேசுகிற ஒருவரை இந்த ஊரில் நான் இன்னும் பார்க்கவில்லை. நன்றி. நான் உடனே டென்மார்க்குக்குப் பேச வேண்டும். ஒரு தனி அறை கிடைக்குமா?"

அவரை ஏசி அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தியதும், ஆத்தப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கண்ணு, இனி நீதான் இந்தக் கம்பெனிக்கு ஜெனரல் மேனேஜர். போய் எல்லாத்துக்கும் மைசூர்பா குடு."

சித்ராதேவிக்குத் தரையில் கால் பாவவில்லை. மைசூர்பா தட்டை ஏந்திக்கொண்டு செக்கிங், பேக்கிங் எல்லாம் சுற்றிவிட்டு வாசலுக்கு வந்தாள். மருதாசலம் காரில் சாய்ந்து நின்றிருந்தார்.

"எடுத்துக்கங்கண்ணா. அந்தம்மா மத்த கம்பெனிக்கெல்லாம் போனாங்களா?"

"மூணு கம்பெனிக்குப் போனோமுங்க. மூணுலயும் எங்ககிட்ட ஒரு பட்டாம்பூச்சிகூடக் கெடையாதுங்கன்னு அடிச்சுச் சொல்லிட்டாங்க."

பாவம், அவர்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை என்று சித்ராதேவி நினைத்துக்கொண்டாள். "அந்தம்மாளுக்குப் பட்டாம்பூச்சின்னா அத்தன உசுருங்களாண்ணா?"

மருதாசலம் மைசூர்பாவைக் கடித்துக்கொண்டே சொன்னார்.

"உசுருமில்லீங்க ஒண்ணுமில்லீங்க. அவிங்கூர்ல யாரோ கொழந்தைக்குப் போடலாம்னு பனியன் பொட்டலத்தைப் பிரிச்சாங்களாமா, உள்ளுக்குள்ள கறுப்பும் மஞ்சளுமா ஒரு பட்டாம்பூச்சி செத்துக் கெடந்துச்சாமுங்க. அனுப்புச்சது இந்த நாலு கம்பெனியில எதுன்னு கண்டுபுடிக்கத்தானுங்க வந்துருக்காங்க."